ஏன் இந்த உருவம்?

மனிதர்களுக்கு ஏற்படும் பைத்தியங்கள் பலவிதம். சிலருக்குச் சங்கீதப் பைத்தியம். சிலருக்குச் சீட்டாட்டப் பைத்தியம். இன்னும் சிலருக்குத் தபால் தலை சேர்க்கும் பைத்தியம். நமக்கு வாய்த்திருப்பதோ பழைய லாரிப் பைத்தியம். அதிலும் உள்ளூர் லாரி அல்ல. ஏழு கடலுக்கு அப்பால் பிரிட்டனில் எந்தக் காலத்திலோ ஓடி ஓய்ந்துபோன லாரிகளும் பஸ்களும்! நேயர்கள் புன்னகை புரிவது நமக்குத் தெரிகிறது. தாராளமாகப் புரியலாம். நம் வீட்டில் நடக்காத பரிகாசமா? "தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போன கடைவீதியிலிருந்து ஓட்டை பஸ் படம் போட்ட புத்தகத்தோடு திரும்பி வந்தவர் இவர்" என்று உறவினர்களுக்கு நம்மை அறிமுகம் செய்து வைப்பது நம் இல்லத்தரசியின் வழக்கம்.

அழகிய மோட்டார் கார்களை விட்டுவிட்டு லாரிகளை ஏன் கட்டி அழ வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு நம்மிடம் பதில் இருக்கிறது. காரின் உருவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதை வாங்குகிறவரின் ஆசை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. சர்க்கார் போட்ட சட்டம், ஊர்க் கோட்டை வாசலின் உயரம், கிடைத்த எரிபொருள், ஓட்ட வந்த ஆளின் பழக்கம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து நெருக்கிப் பிடித்துத்தான் அவற்றுக்கு உருவம் கொடுத்தன. ஆகையால், பார்க்க விநோதமாயிருக்கும் ஒரு பழைய லாரியைக் கண்டு, "ஏன் இந்த உருவம்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அது அந்த நாட்டின் கதையில் ஒரு பக்கத்தையே எடுத்து நமக்குச் சொல்லி விடும்.

இந்தக் கேள்வியை நம்மைவிட நன்றாகக் கேட்கத் தெரிந்தவன் நம் பேரன். ஒரு நாள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவன், "தாத்தா! இந்த பஸ்ஸுக்கு மட்டும் ஏன் தலை கூம்பிப் போயிருக்கு?" என்றான். அது இங்கிலாந்தின் கிழக்கு யார்க்ஷயர் பஸ். மாடி பஸ் என்றால் அதன் கூரை சாதாரணமாகத் தட்டையாக இருக்கும். இதன் கூரையோ இருபுறமும் உள்நோக்கிச் சாய்ந்து, மாதா கோயில் ஜன்னலைப்போல் மேலே குவிந்திருந்தது. காரணம் வேறொன்றுமில்லை. அந்தப் பகுதியிலுள்ள பெவர்லி என்னும் ஊருக்கு வடக்கே ஒரு செங்கல் கோட்டை வாசல் இருக்கிறது. 1409-ம் வருஷத்தில் கட்டியது. அதன் வளைவு கூம்பு வளைவு. தட்டைக் கூரை பஸ் அதற்குள் நுழைந்தால் கூரையின் இரு ஓரங்களும் செங்கல்லில் இடிக்கும். ஐந்நூறு வருஷத்து வாசலை இடிப்பதா, பஸ்ஸின் தலையைச் சீவுவதா? பஸ்ஸின் தலையைச் சீவினார்கள்! 1934 முதல் 1970-ம் வருஷம் வரையில், வாசலின் அச்சிலேயே வார்த்தது போன்ற கூரையுடன் அந்த பஸ்கள் அதன் வழியே போய் வந்தன. பிறகு பஸ்களுக்கு வேறு பாதை ஏற்பட்டது. வாசல் இன்றும் நிற்கிறது.

வாசலாவது பஸ்ஸை உள்ளே விட்டது. சட்டம் அவ்வளவு தயாளம் காட்டவில்லை. பிரிட்டனில் இயந்திர வண்டிகள் பெட்ரோலோடு பிறந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்கு அறுபது, எழுபது வருஷங்களுக்கு முன்னமே அங்கே நீராவி பஸ்கள் ஓடின. கோல்ட்ஸ்வொர்தி கர்னி என்பவர் செய்த நீராவி வண்டிகள் 1831-ம் வருஷத்தில் செல்ட்டன்ஹாமுக்கும் கிளாஸ்டருக்கும் இடையே நான்கு மாத காலம் பிரயாணிகளை ஏற்றிச் சென்றன. லண்டனில் வால்ட்டர் ஹான்காக் என்பவர் 1833-ல் லண்டன் வாலிலிருந்து பாடிங்டனுக்கு நீராவி பஸ் விட்டார். 1836-ம் வருஷத்தில், சில மாதங்களுக்குள்ளாகவே, அவருடைய வண்டிகள் 12,000-க்கு மேற்பட்ட பிரயாணிகளைச் சுமந்தன.

அப்புறம் அவை எங்கே போயின? சுங்கச் சாவடிக்காரர்கள் விழுங்கி விட்டார்கள். லிவர்பூல் - பிரெஸ்காட் சாலையில் குதிரைக் கோச்சுக்குச் சுங்கம் 4 ஷில்லிங். நீராவி வண்டிக்கோ 2 பவுன் 8 ஷில்லிங், அதாவது பன்னிரண்டு மடங்கு! 1831-ல் காமன்ஸ் சபையின் விசாரணைக் கமிட்டி நீராவி வண்டிகளுக்குச் சாதகமாகத்தான் அறிக்கை கொடுத்தது. அறிக்கை கொடுத்து என்ன? அறிக்கைகளின் கதி எல்லாத் தேசங்களிலும் ஒன்றுதான் போலும். சாவடிகளின் தொல்லை போதாதென்று 1865-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதன்படி, சாலையில் ஓடும் நீராவி வண்டிக்கு மூன்று ஆட்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் வண்டிக்கு 60 கஜம் முன்னால் செங்கொடி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வேகம் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல். நகரத்தில் 2 மைல். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிற அம்மாள்கூட அந்த வண்டியை முந்திக்கொண்டு போய்விடலாம்! இந்தத் தளை 1896-ம் வருஷத்தில்தான் அறுந்தது. மூன்று டன் எடைக்குட்பட்ட வண்டிகள் மணிக்கு 14 மைல் வரை போகலாம் என்று அந்த வருஷம் சட்டம் வந்தது. அதைக் கொண்டாட நவம்பர் 14-ந் தேதி லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு மோட்டார் வண்டிகள் ஊர்வலமாகப் போயின.

அதே 1896-ம் வருஷத்தில் லங்காஷயரிலுள்ள ஒரு சிற்றூரில் கொல்லுப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஸம்னர் என்பவர், கூட்டாளிகளோடு சேர்ந்து நீராவிச் சரக்கு வண்டி செய்யத் தொடங்கினார். அதற்கு முன் அவர் செய்துகொண்டிருந்தது நீராவியால் புல் வெட்டும் யந்திரம்! கம்பெனி வளர்ந்தது. 1907-ல் அதற்குத் தன் ஊரின் பெயரையே சூட்டினார்கள். அந்த ஊரின் பெயர் லேலண்டு. 1948-ல் எண்ணூரில் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ், பின்னர் இந்தக் கம்பெனியுடன் உடன்பாடு செய்துகொண்டு, 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. நம் தமிழ்நாட்டுச் சாலைகளில் தினந்தோறும் நம்மைக் கடந்து செல்லும் வண்டிகளின் முகப்பில் எழுதியிருக்கும் பெயரில் பாதி, புல் வெட்டும் யந்திரம் செய்த ஒரு கொல்லரின் ஊர்ப் பெயர் என்பதை அறியும்போது நமக்கு ஏற்படும் சந்தோஷத்தைப் பைத்தியம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்!

நீராவி லாரிகள் அதன் பிறகு நாற்பது வருஷம் போல் பிரிட்டிஷ் சாலைகளை ஆண்டன. சாண்ட்பாக் என்னும் ஊரில் போடன் கம்பெனியார் செய்த லாரிகளைப் பார்த்தால், ரயில் என்ஜின் ஒன்று தண்டவாளத்தைக் கோபித்துக்கொண்டு சாலையில் இறங்கி விட்டதோ என்று தோன்றும். நீண்ட கொதிகலம் முன்னால் படுத்திருக்கும். அதன்மேல் புகைபோக்கி நிற்கும். முதலில் கிளாஸ்கோவிலும், பின்னர் ஷ்ரூஸ்பரியிலும் செய்த சென்டினல் லாரிகளின் போக்கு வேறு. அவற்றில் கொதிகலம் டிரைவரோடு கூண்டுக்குள்ளேயே நிமிர்ந்து நிற்கும். யந்திரமோ வண்டியின் அடியில் மறைந்திருக்கும். 1930-க்குப் பிறகு வந்த சென்டினல்கள் பெட்ரோல் லாரிகளுக்கு ஈடுகொடுத்து ஓடின. ஆனாலும் என்ன? லாரியின் வெற்று எடையைக் கணக்கிட்டு வரி போடும் முறை வந்தது. கொதிகலத்தையும் கரியையும் தண்ணீரையும் சுமக்கும் நீராவி லாரிக்கு அதுவே யமனாயிற்று. கரியோ அந்நாளில் பிரிட்டன் தன் மண்ணிலேயே தோண்டி எடுத்தது. எண்ணெயோ கப்பலில் வந்தது. சொந்த வீட்டில் விளைந்ததை விட்டு வந்த சரக்கை நாடும்படி வரி செய்து விட்டது! போடன் குடும்பத்திலேயே பிளவு உண்டாயிற்று. நீராவிக் காலம் முடிந்தது, டீஸல்தான் வழி என்று கண்ட எட்வின் ரிச்சர்ட் போடன், குடும்பக் கம்பெனியை விட்டு வெளியேறி 1933-ல் தம் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டே 'ஈ.ஆர்.எப்.' என்ற புது லாரியைச் செய்தார்.

சட்டத்தையும் வரியையும் சொன்னோம். மனிதனுக்காக உருமாறிய வண்டி ஒன்றும் உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் துவக்கத்தில் லண்டன் குதிரை பஸ்கள் மோட்டார் பஸ்களுக்கு இடம் விட்டன. குதிரைகள் போய்விட்டன, அவற்றை ஓட்டியவர்கள்? வாழ்நாளெல்லாம் கடிவாளம் பிடித்த கைக்குக் கியர் மாற்றுவது எளிதில் வருமா? அந்நாளைய கியர்களோ மாற்றும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அலறும். இந்தச் சங்கடத்துக்கு டில்லிங்-ஸ்டீவன்ஸ் பஸ் ஒரு வழி கண்டது. அதில் கியரே கிடையாது. பெட்ரோல் என்ஜின் ஒரு டைனமோவைச் சுழற்றும். அதில் பிறக்கும் மின்சாரம் ஒரு மோட்டாரை ஓட்டும். மோட்டார் சக்கரங்களைத் திருப்பும். 1911 முதல் இந்த பஸ்கள் லண்டனில் ஓடின. குதிரை ஓட்டிய பழைய சாரதி சுலபமாக இதற்குப் பழகிக்கொள்ள முடிந்தது. இன்று மின்சாரமும் பெட்ரோலும் கலந்து ஓடும் வாகனங்களைப் புதுமை என்று போற்றுகிறோம். நூறு வருஷத்துக்கு முன்னே, வேலை தெரிந்த மனிதர்களுடைய வேலை போகாமலிருப்பதற்கு அது துணை செய்தது என்பதை நினைத்தால் அந்தப் பழைய பஸ்ஸின்மேல் ஒரு மரியாதையே உண்டாகிறது.

குதிரையைப் பற்றிச் சொல்லும்போது 'யந்திரக் குதிரை'யை விட்டுவிட முடியாது. ரயில் நிலையத்துச் சரக்குக் கிடங்குகளெல்லாம் குதிரை வண்டி திரும்பும் அளவுக்குக் கட்டியவை. நாலு சக்கர லாரி அங்கே திரும்ப முடியாமல் திண்டாடியது. 1934-ல் ஸ்காமெல் கம்பெனியார் முன்புறம் ஒற்றைச் சக்கரமும் பின்புறம் இரண்டு சக்கரமுமாக ஒரு சின்ன இழுவை வண்டியைச் செய்தார்கள். அது நின்ற இடத்திலேயே சுற்றுவதுபோல் திரும்பும். பின்னால் நகர்ந்து சரக்குத் தொட்டியின் அடியில் புகுந்தால் தொட்டி தானாகவே பூட்டிக்கொள்ளும். ஒரு தொட்டியில் சுமை ஏறிக்கொண்டிருக்கும்போதே இது வேறொன்றை இழுத்துக்கொண்டு போய்விடும். குதிரையாவது நடுவில் தண்ணீர் குடிக்க நிற்கும். இதற்கு அதுவும் வேண்டாம்!

அதே கம்பெனியார் அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன் ஒரு யானையையும் செய்தார்கள். 1929-ல் பிறந்த அந்த லாரி நூறு டன் சுமக்கக் கூடியது. அந்த ஜாதியில் செய்தவை இரண்டே இரண்டு. வேகம் மணிக்கு ஐந்தாறு மைலுக்கு மேல் இல்லை. வண்டியின் நீளம் காரணமாகப் பின் சக்கரங்களைத் திருப்புவதற்கென்றே தனியாக ஒருவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். முன்னால் இருக்கும் டிரைவரோடு அவர் டெலிபோனில் பேசிக்கொள்வார்! இவ்வளவு பெரிய லாரிக்கு அங்கே என்ன அவசியம் வந்தது? அவசியத்தில் ஒரு பகுதி நம் தேசத்திலிருந்து போயிற்று. லங்காஷயரில் வல்கன் பவுண்டரி என்னும் தொழிற்சாலை, இந்திய ரயில்வேக்களுக்காக ஏராளமான ரயில் என்ஜின்களைச் செய்து அனுப்பியது. இந்தியாவின் அகலப் பாதை ஐந்தடி ஆறங்குலம். பிரிட்டனின் பாதை நாலடி எட்டரை அங்குலம். ஆகவே, ரயில் என்ஜினாகப் பிறந்தும் பிறந்த நாட்டுத் தண்டவாளத்தில் தன் சக்கரம் பதித்து ஓட முடியாத விதி அந்த என்ஜின்களுக்கு! துறைமுகம் போய்ச் சேர அவற்றுக்குச் சாலையும், சுமக்க ஒரு ராட்சத லாரியும் வேண்டியிருந்தன. நம் முன்னோர்கள் ஏறிய ரயில்களை இழுத்த என்ஜின்களில் சில, தங்கள் முதல் பிரயாணத்தை லாரிமேல் உட்கார்ந்து செய்தவை என்றால் ஆச்சரியமாக இல்லையா?

எல்லா முயற்சியும் பலித்து விட்டதென்று நேயர்கள் எண்ண வேண்டாம். 1931-ல் காரியர் கம்பெனியார், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய பஸ் ஒன்றைச் செய்தார்கள். ஊருக்குள் ரப்பர் சக்கரம்; ரயில் பாதையை அடைந்ததும் இரும்புச் சக்கரம். மாற்றுவதற்குச் சில நிமிஷங்களே ஆகும். 1932-ல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரிலுள்ள ஒரு ஹோட்டலுக்கு விருந்தாளிகளை அது கொண்டுவந்து சேர்த்தது. சில மாதங்களுக்குள் அந்தப் பரீட்சை நின்று போயிற்று. இரண்டு வீட்டு மாப்பிள்ளையாக இருப்பது யந்திரத்துக்கும் கஷ்டந்தான்!

இனி நம் மனத்துக்கு மிக நெருங்கிய விஷயத்துக்கு வருகிறோம். யுத்தம் வந்தால் பெட்ரோல் போய்விடும். முதல் மகா யுத்தத்தில் பிரிட்டிஷ் பஸ்கள் சில, கூரைமேல் பிரம்மாண்டமான பை ஒன்றில் நிலக்கரி வாயுவை நிரப்பிக்கொண்டு, மெத்தையைச் சுமந்து செல்லும் வீடு மாற்றுக்காரரைப் போல் ஓடின. இரண்டாவது யுத்தத்தில் பஸ்ஸின் பின்னால் ஒரு சிறு அடுப்பு வண்டியைக் கட்டி, அதில் கரியை எரித்து வரும் வாயுவைக் கொண்டு ஓட்டினார்கள். அதே யுத்த காலத்தில் நம் சென்னை ராஜதானியிலும் பெட்ரோல் பஞ்சம் வந்து பஸ்கள் மரக்கரி வாயுவில் ஓடின. நம் காலஞ்சென்ற தாயார் சிறு பெண்ணாக அவற்றில் பிரயாணம் செய்தவர். புறப்படுவதற்கு முன் கிளீனர் பையன் விசிறிச் சக்கரத்தை வெகுநேரம் சுற்றி அடுப்பை மூட்டுவான் என்பார். மேட்டைக் கண்டால் பஸ் மூச்சுத் திணறி நிற்கும், ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள் என்பார். கல்யாண வீட்டுக்குப் போய் இறங்கினால் பட்டுப் பாவாடையெல்லாம் கரி என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் கதையைக் கேட்ட பேரன், "அந்த பஸ் படத்தைக் காட்டு தாத்தா" என்றான். லண்டனின் கரிவாயு பஸ் படம் நம் அலமாரியில் இருந்தது. தாயார் ஏறிய பஸ்ஸின் படத்துக்காக வீட்டுப் பெட்டிகளையெல்லாம் குடைந்தோம். உறவினர் வீட்டு ஆல்பங்களைப் புரட்டினோம். கல்யாணப் படங்கள் உண்டு. பட்டுப் பாவாடையோடு தாயார் நிற்கும் படம்கூட ஒன்று உண்டு. அவர்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த பஸ்ஸுக்கு ஒரு மூலையில்கூட இடமில்லை.

பிரிட்டனிலும் முதலில் இப்படித்தான் இருந்தது. பணக்காரருடைய கார் கொட்டகையில் பத்திரமாக உறங்கும். லாரியை உயிர் போகும்வரை உழைக்க வைத்துப் பின்னர் பழைய இரும்புக்குப் போடுவார்கள். பஸ்ஸின் உடல் பண்ணையில் கோழிக்கூடாகும். அதை மாற்றியவர்கள் சர்க்கார் அதிகாரிகள் அல்ல. வேலை முடிந்த மாலை வேளைகளில் துருவைச் சுரண்டத் துணிந்த சாதாரண ஜனங்கள். அவர்கள் 1958-ல் பழைய சரக்கு வண்டிகளுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். 1962 முதல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய லாரிகளின் ஊர்வலம் நடத்தினார்கள். 1983-ல் லேலண்டு ஊரிலேயே ஒரு காட்சிசாலை ஏற்பட்டது. முதல் யுத்தத்துக்கு லண்டன் பஸ்கள் 900-க்கு மேல் போயின. ஜன்னல்களைப் பலகையால் அடைத்து, காக்கி வர்ணம் பூசி, துருப்புகளைப் போர்முனைக்குச் சுமந்தன. சில பஸ்கள் செய்திப் புறாக்களின் கூண்டாக இருந்தன. அவற்றுள் உயிரோடு திரும்பிய ஒன்று யுத்தக் காட்சிசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. இன்னொரு பழைய பஸ்ஸைப் புதுப்பித்து, 2014-ல், யுத்தத்தின் நூறாவது வருஷத்தில், பழைய போர்க்களங்களுக்கே ஓட்டிச் சென்றார்கள்.

நம்மை ஆண்டவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டாதவை பல உண்டு. உழைத்துத் தேய்ந்த யந்திரத்துக்கும் அதை ஓட்டியவருக்கும் அவர்களுடைய ஜனங்கள் காட்டிய இந்த நன்றி மட்டும் கற்றுக்கொள்ளத் தக்கது. காட்சிசாலை கட்டுவதற்கு எல்லோராலும் ஆகாது. ஆனால் உங்கள் வீட்டிலோ, எதிர் வீட்டிலோ, பஸ் ஓட்டிய பெரியவர் ஒருவர் இருப்பார். லாரிப் பட்டறையில் கை கறுத்த மாமா ஒருவர் இருப்பார். மேட்டில் பஸ் தள்ளிய தாத்தாவைப் பற்றிச் சொல்லக்கூடிய பாட்டி ஒருவர் இருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். வண்டியின் நிறம் என்ன, என்ன எரித்தது, எங்கே நின்றது, யார் ஓட்டினார் என்று கேளுங்கள். நாம் நம் தாயாரிடம் கேட்டு வைத்தவற்றைப் பேரன் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான். பஸ்ஸின் படத்தையும் அவனே வரைந்து விட்டான். பின்னால் அடுப்பு, பக்கத்தில் விசிறி சுற்றும் பையன், ஜன்னலில் பட்டுப் பாவாடை கட்டிய ஒரு சிறு பெண். பஸ்ஸுக்கு என்ன நிறம் தீட்டுவது என்றுதான் தெரியவில்லை. அதைக் கேட்பதற்கு இப்போது வீட்டில் யாரும் இல்லை.